பறவைப் பட்டியலில் என் காணி

பறவை பார்க்கக் கடல் தாண்டி வருகிறார்கள் என்று சொன்னபோதே நான் நம்பவில்லை. தமிழ்நாட்டிலிருந்து ஆறு பேர். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அவர்கள் ஊர்க் குளங்களிலும் நிற்குமாம், அவர்களே சொன்னார்கள். பிறகு எதற்கு மட்டக்களப்புக்கு வந்து நான் ஓட்டும் வாடகை வானைப் பிடிக்க வேண்டும்?

கூட்டத்துக்குத் தலைமை ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. என்னைத் தம்பி என்பார், நான் அக்கா என்பேன். மற்ற ஐந்து பேரும் தொலைநோக்கியும் கண்ணுமாக இருக்க, இவர் மட்டும் பறவையை ஒரு தரம் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்ப்பார். அமிர்தகழிப் பக்கம் வாவியோரக் கண்டல் காட்டில் நின்றபோது, இந்தக் கண்டலை யாரும் வெட்டுகிறார்களா என்று கேட்டார். சித்தாண்டி வயல்வெளியில், இங்கே என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று கேட்டார். ஒவ்வொரு இடத்தையும் போனில் குறித்துக்கொண்டார். எனக்குச் சந்தேகம் பிடித்தது.

காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன்பும் இப்படித்தான் தொப்பி போட்ட நாலு பேர் வந்து, குளம் பார்க்க வந்தோம் என்றார்கள். மூன்று மாதம் கழித்துப் பக்கத்து வயல் வட்டையில் இது காடு என்று வன இலாகா எல்லைக்கல் நட்டிருந்தது. அங்கே விதைத்தவர்கள் இன்றைக்கும் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைகிறார்கள். உன்னிச்சைக்கு அப்பால் எனக்கும் மூன்று ஏக்கர் இருக்கிறது. அப்பா காடு வெட்டித் திருத்திய காணி. உறுதிப் பத்திரமும் இல்லை, அரசாங்கப் பெர்மிட்டும் இல்லை. வட்டையில் உள்ளவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் உன்னிச்சைக் குளத்துக்குப் போகச் சொன்னார்கள். குளத்தோடு திருப்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். காட்டுக்கோழி ஒன்று பாதையைக் கடந்து ஓட, ஆறு பேரும் அதன் பின்னாலேயே நடந்து, சொல்லி வைத்ததுபோல என் வரம்பில் போய் நின்றார்கள்.

ஆவணி மாதம். மழையை நம்பிச் செய்கிற காணி என்பதால் மாரியில் பெரும்போகம் மட்டும்தான் விதைப்போம். அறுவடைக்குப் பிறகு கிடந்த நிலத்தில் ஆவாரையும் எருக்கும் முளைத்து, பார்ப்பதற்குக் காடு மாதிரியே இருந்தது.

"இது யாரோட நிலம், தம்பி?"

"ஒருத்தருக்கும் இல்ல அக்கா. சும்மா பத்தைக் காடு."

அவர் தொலைநோக்கியைத் திருப்பினார். மருத மரத்தில் நான் கட்டிய பரண் அதற்குள் அகப்பட்டுவிட்டது. அது என்ன என்று கேட்டார். கதிர் முற்றும்போது யானைக்குக் காவல் இருக்கிற பரண் என்றால் இது வயல் என்பது வெளிவந்துவிடும். வேட்டைக்காரர் கட்டியது என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். நல்லாய்ச் சமாளித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெரிய திருப்தி.

அவர்கள் ஊர் திரும்பி ஒரு மாதம் இருக்கும். அக்கா அனுப்பிய பறவைப் பட்டியல் வட்சப்பில் வந்தது. இணையத்திலும் போட்டிருக்கிறோம், யாரும் பார்க்கலாம் என்று சந்தோசமாக எழுதியிருந்தார். இடம் இடமாகப் பறவைகளின் பெயர்கள். என் காணிக்கு வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அதன் கீழே: "புதர்க்காடு. பயிர்ச்செய்கை இல்லை. வேட்டைப் பரண் உண்டு. தகவல்: வான் ஓட்டுநர்."

எந்தக் கந்தோர்க்காரன் பார்த்தாலும் கல் நட இதுவே போதும். மனைவியிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள்.

"மற்றாக்கள் கல்லு நட்டுத்தான் காடாக்கினவங்க. நீங்க வாயாலயே ஆக்கிப்போட்டீங்க."

திருத்தச் சொல்லவேண்டுமென்றால் உண்மையை எழுத்தில் கொடுக்கவேண்டும். பெர்மிட் இல்லாமல் விதைக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கவும் பயம். இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதினேன். "அக்கா, அது காடில்ல. என்ட வயல். அப்பா வெட்டின காணி. பரண் யானைக் காவலுக்கு நான் கட்டினது. பயத்தில பொய் சொல்லிப்போட்டன்."

கோபிப்பார் என்று நினைத்தேன். ஒரே ஒரு கேள்விதான் வந்தது: எந்த மாதம் விதைப்பீர்கள்? விதைப்பு மாதம் இவருக்கு எதற்கு என்று மறுபடி சந்தேகம் பிடித்தது. அடுத்த நாள், வருவது வரட்டும் என்று ஐப்பசி என்று எழுதினேன்.

மாலையில் பட்டியல் மாறியிருந்தது. "மானாவாரி நெல்வயல். ஐப்பசியில் விதைப்பு. யானைக் காவல் பரண் உண்டு. தகவல்: காணிச் சொந்தக்காரர்."

அப்பா செத்துப் பதினாறு வருடம். இத்தனை வருடத்தில் எந்தக் கந்தோரும் எங்களுக்கு எழுதித் தராத சொல் அது. வானை ஓரம் கட்டிவிட்டு அழுதேன்.

பிறகு டவுனில் ஒரு கடையில் அதை இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று வீட்டு அலுமாரியில் இருக்கிறது. மற்றது, யாராவது கல்லோடு வந்தால் காட்டுவதற்கு, வானில் நான் உட்காரும் சீற்றுக்கு அடியில் இருக்கிறது. அது எங்கே என்று மனைவிக்கும் சொல்லவில்லை.