கோயிலை முதலில் பார்ப்போம்

கம்போடியாவில் எடுத்த படங்கள் இன்னும் என் கைபேசியில் இருக்கின்றன. அழிக்க மனம் வரவில்லை, பார்க்கத் துணிவும் இல்லை. ஒரு படத்தில் என் மனைவி இடிந்த கோயில் வாசலொன்றில் வெறுங்காலோடு நின்று சிரிக்கிறாள். அதை எடுத்தபோது அவளுடைய தம்பி இறந்து ஐந்து மணித்தியாலம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

நான் ஒஸ்லோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். குழாய் ஒழுகினாலும் கதவு இறுகினாலும் வாசலில் பனி குவிந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை அங்கே நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழித்து வெளியே வைத்திருந்தார்கள். அவற்றுக்குள் கம்போடியாவின் அங்கோர் கோயில்களின் பெரிய படப்புத்தகம் ஒன்று கிடந்தது. ஒரு மரம் தன் வேர்களால் கோபுரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பகுதியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் இருத்தி வைத்து அதைக் காட்டினேன். தேத்தண்ணீர் முடியும்வரை பார்த்துவிட்டு, "ஓம் ஓம், நல்ல பெரிய கோயில்" என்று எழும்பிப் போய்விடுவார்கள். பதினெட்டு வருடம் இப்படியே போனது.

மனைவிக்கு ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில் இருந்தான். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தான். மனைவி வேலை செய்வது முதியோர் இல்லத்தில். இந்த வருத்தம் எங்கே போய் முடியும் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இந்தமுறை விடுமுறைக்கு நேரே ஊருக்குப் போக வேண்டும் என்றாள். பாங்கொக் வழியாகப் போகலாம், கம்போடியா பக்கத்தில்தானே, நான்கு நாள் நின்றுவிட்டுப் போகலாம் என்றேன் நான்.

"ஊருக்குப் போட்டுத் திரும்பி வரேக்கை பாப்பமே?" என்று கேட்டாள்.

"வரேக்கை உமக்குத் தம்பியை விட்டிட்டு வெளிக்கிட மனம் வராது. கோயிலை முதல்லை பாப்பம்."

தம்பியும் தொலைபேசியில், "பாத்திட்டு ஆறுதலா வாங்கோ அத்தான். நான் எங்கை ஓடவே போறன்?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கம்போடியாவில் இரண்டாம் நாள் காலை. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். என் கைபேசிக்குத் தம்பியின் மகள் எடுத்தாள்.

"மாமா, அப்பா விடியப்புறம் எங்களை விட்டிட்டுப் போட்டார்." கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பெரிய மனுசிபோல் கதைத்தாள். "நாளைக்குப் பின்னேரம் எடுக்கப் போறம். மாமி வருவா எண்டால் இன்னும் ஒரு நாள் வச்சிருக்கலாம். அவ வாய்க்கரிசி போட வேணுமெல்லே. வருவாவோ மாமா?"

குளியலறைக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மேசையில் அன்றைக்குப் பார்க்க வேண்டிய கோயில்களை நான் வரிசையாக எழுதி வைத்த தாள் கிடந்தது. எங்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டி கீழே வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"டிக்கெட் மாத்த ஏலாது பிள்ளை" என்றேன். "வச்சிருக்க வேண்டாம். நான் மாமிக்குப் பதமாச் சொல்லுறன். இப்போதைக்கு ஒருத்தரும் அவவுக்கு எடுக்காதேங்கோ."

டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. அன்றைக்கே வெளிக்கிட்டிருந்தால் அடுத்த நாள் மாலைக்குள் தம்பி வீட்டு வாசலில் நின்றிருப்போம். அவள் குளித்து முடிப்பதற்குள் அவளுடைய கைபேசியை எடுத்து வைஃபையை நிறுத்தினேன். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க்குழாயைப் பூட்டுகிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் செய்தேன்.

சொன்னால் அவளுக்குச் சாவுத் துடக்கு. கோயில் வாசலை மிதிக்க மாட்டாள், என்னையும் விடமாட்டாள். பதினெட்டு வருடம் காத்திருந்தவனுக்கு ஒரு நாள் கிடையாதா, நாளைக்குச் சொன்னால் என்ன? என் மண்டை இப்படித்தான் வேலை செய்தது. அவளுடைய சந்தோசத்துக்காகச் செய்தேன் என்று பிற்பாடு ஒன்றிரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவளுக்குக் கோயில் என்றால் கோயில்தான். இடிந்தது, இடியாதது என்ற பேச்சே இல்லை. முதல் வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கல் சுடும், இங்கே பூசை நடப்பதில்லை, செருப்புப் போடலாம் என்று வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். "அவருக்கு இது விளங்காது, விடுங்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்போதுதான் அந்தப் படத்தை எடுத்தேன்.

உள்ளே மூலஸ்தானத்துக்குக் கூரை இல்லை. லிங்கம் எந்தக் காலத்திலோ களவு போய்விட்டது. ஆவுடையார் மட்டும் இருந்தது. லிங்கம் இருந்த குழிக்குள் மழைத்தண்ணீரும் ஒரு பழுத்த இலையும் கிடந்தன.

"சாமி இல்லையே" என்றேன், அவளை அங்கிருந்து கிளப்பிவிடலாம் என்று.

"இருந்த இடம் இருக்குத்தானே."

ஒஸ்லோவிலிருந்து சின்ன மருந்துப் போத்தலில் திருநீறு கொண்டுவந்திருந்தாள். அதை ஆவுடையாரில் வைத்தாள். ஐயர் இல்லாத கோயில், அர்ச்சனையைத் தானே செய்வதாகச் சொன்னாள். முதலில் என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள். எப்போதும் என்னில்தான் தொடங்குவாள். பிறகு பிள்ளைகள் இருவரும். கடைசியில் தம்பி. தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் மட்டும் இரண்டு தரம் சொன்னாள். சாமிக்குக் கேட்காமல் போய்விடுமோ என்ற பயமாக்கும். பிறகு அந்தத் திருநீற்றை ஒரு கடுதாசித் துண்டில் மடித்துக் கைப்பையில் வைத்தாள். "போன உடனை தம்பிக்குப் பூசிவிட வேணும்" என்றாள்.

அங்கேயாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"அடுத்த கோயிலுக்கு நேரமாகுது" என்றேன்.

பின்னேரம் புத்தகத்திலிருந்த மரத்தைப் பார்த்தேன். அதற்கு முன்னால் படம் எடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். என் முறை வந்தது. மரம் மரமாக இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த நாள், ஊரில் எல்லாம் முடிந்திருக்கும் நேரம் பார்த்துச் சொன்னேன். செய்தி இப்போதுதான் வந்தது என்றேன். அவள் உடனே அழவில்லை.

"எப்ப எடுக்கினம்?"

"எடுத்திட்டினமாம்."

"என்னைக் கேக்காமலோ?"

கொழும்புவரை அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம்வரை தம்பியின் குடும்பத்தைத் திட்டிக்கொண்டு வந்தாள். கூடப்பிறந்தவளுக்கு முகம் காட்டாமல் எரித்துவிட்டார்களே, இவர்களெல்லாம் மனிதர்களா என்றாள். தம்பியின் மனைவியும் மகளும் என் பழியைச் சுமக்கட்டும் என்று எட்டு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான்.

வீட்டு வாசலில் அவள் போட்ட சத்தத்துக்குத் தம்பியின் மகள் வெளியே வந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"மாமி, அப்பா போன அண்டைக்குக் காலமையே மாமாவுக்கு எடுத்தனான். வச்சிருக்கவோ எண்டும் கேட்டனான். வேண்டாம் எண்டவர்."

மனைவி கைப்பையைத் திறந்து அந்தக் கடுதாசி மடிப்பை எடுத்தாள். கிட்ட வந்து என் சேட்டுப் பைக்குள் வைத்தாள்.

"நீங்களே வச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒஸ்லோவுக்குத் திரும்பிய பிறகும் அவள் திட்டவில்லை. சோறு இருக்கிறது என்பாள், நாளைக்கு இரவு வேலை என்பாள். நான் எத்தனையோ தரம் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்பாள். அந்தச் சரியில் ஒன்றும் இல்லை. அது மாறும் என்று முதல் சில மாதங்கள் நம்பினேன். இப்போது நம்பவில்லை.

தம்பியின் முதலாம் ஆண்டுத் திவசம் முடிந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். என்னோடு வரச் சம்மதித்தாள். சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே போனோம். அர்ச்சனைத் தட்டை அவள் நீட்டினாள். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார்.

பிள்ளைகளைச் சொன்னாள். தம்பியின் மனைவியைச் சொன்னாள். தம்பியின் மகளைச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள்.

"வேறை?" என்றபடி ஐயர் என்னைப் பார்த்தார். முந்திய மாதம் கோயில் கதவைத் திருத்திக் கொடுத்தவன் என்று அவருக்கு என்னைத் தெரியும்.

"வேறை ஒருத்தரும் இல்லை ஐயா" என்றாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.