மாமாவுக்கு வைத்த தாம்பூலம்

ஏழு வயதாகியும் என் காது மூளிக் காதாகவே கிடந்தது. அரியலூர்ப் பள்ளிக்கூடத்தில் அதுவே என் பெயரும் ஆகிவிட்டது. எல்லாம் அப்பாவின் வக்கீல் தொழிலால் வந்த வினை. காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். மாமாவோ எங்கள் வாசலை மிதிப்பதையே நிறுத்திவிட்டார்.

தா.பழூரில் மாமாவின் வயலிலிருந்த தண்ணீர் மோட்டார் காணாமல் போனது. அங்கே வேலை பார்த்த ஆள்தான் திருடினார் என்று மாமா பிடித்துக் கொடுத்தார். அந்த ஆளுக்காக வாதாட வேறு வக்கீல் யாரும் வரவில்லை. அப்பா போய் நின்றார். மச்சானுக்கு எதிராகக் கறுப்புக் கோட்டு மாட்டியவர், அதில் ஜெயிக்கவாவது செய்தாரா? தோற்றுப் போனார். அந்த ஆளைத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

எனக்கென்ன வந்தது? கேஸ் முடிந்தது, மாமா வருவார், ஜிமிக்கி வரும் என்று குதித்துக்கொண்டிருந்தேன். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் காதுகுத்து என்று முடிவாயிற்று. மாமாவை நேரில் போய் அழைக்க, அம்மா தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள்.

அன்று காலையில்தான் ஜெயிலில் இருந்தவரின் மனைவி வந்து நின்றாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் கேஸ் கட்டை நீட்டினார்.

"திருச்சியில வேற வக்கீலா பாரும்மா. அப்பீலுக்கு நாளு ஓடுது. என்னால ஆகாது. எங்க வூட்டு நெலம அப்படி."

"எங்களுக்கு வேற யாருங்கய்யா இருக்கா? அவரு எடுக்கலன்னு உங்க ஒருத்தருக்குத்தான தெரியும்?"

அவள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். அப்போது அம்மா உள்ளேயிருந்து அந்தத் தட்டோடு வந்து, குங்குமம் கொடுத்து, "எடுத்துக்க" என்றாள். அவள் திகைத்து நின்றாள். பிறகு வெற்றிலை பாக்கை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, தன் சுருக்குப் பையிலிருந்த வாடிய வெற்றிலையையும் கொட்டைப் பாக்கையும் தட்டில் வைத்தாள். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசி முடித்தால் அப்படித்தான் மாற்றிக்கொள்வார்கள். அப்புறம் யாரும் வாக்கு மாறக் கூடாது.

"தாம்பூலம் மாத்தியாச்சுங்கய்யா. இனிமே நீங்க வுட மாட்டீங்க" என்று கட்டை அப்பாவின் கையிலேயே திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்பா கத்தினார். "அறிவிருக்கா ஒனக்கு? அது ஒங்கண்ணனுக்கு வச்சதுல்ல?"

"வூட்டுக்கு வந்த பொம்பளைய வெறுங்கையோடவா அனுப்புறது?" என்றாள் அம்மா.

மறுநாள் அப்பா திருச்சிக்கு ரயில் ஏறினார். அந்த ஆள் அப்பீலில் விடுதலையாகி வந்தார். மாமா வரவேயில்லை. கடைசியில் பெரியப்பா மடியில்தான் காதுகுத்து. "மாமா மடிதான் வேணும்" என்று நான் போட்ட கூச்சலில் ஆசாரியின் கை தவறி ஒரு துளை மேலே ஏறிவிட்டது. என் ஜிமிக்கிகள் இன்றும் ஏறுக்குமாறாகத்தான் தொங்குகின்றன.

தன் அண்ணனுக்கு வைத்ததை அம்மா ஏதோ அவசரத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று வெகுகாலம் அவள்மேல் கோபமாக இருந்தேன். வருகிறவர்களுக்குக் கொடுக்கவென்றே எங்கள் அடுக்களையில் ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை எப்போதும் இருக்கும். அன்றும் இருந்தது.