தட்டினால் காசு போகும், பயப்படாதேங்கோ

கடை கடையாய் ஏறி வங்கிக்காகக் கார்ட் மெஷின் பூட்டுகிறவளுக்கு, மெஷினைப் பூட்டப் பத்து நிமிடம் போதும். சனத்தின் பயத்தைக் கழற்றத்தான் பத்து நாள். மன்னாரிலோ வேறெங்கோ ஸ்கூட்டியும் தோள்பையுமாய் வெயிலில் திரிகிற சகபாடிகளே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

வெள்ளித்தாள்

பேசாலையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிற அந்தோனி அண்ணை, தன் கார்ட்டைச் சிகரட் பெட்டி வெள்ளித்தாளில் சுற்றி வைத்திருந்தார். திருநாள் சனத்துக்குள் ஒருவன் மெஷினோடு உரசிக்கொண்டு போனாலே காசு போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தொகையை முதலில் அடிக்க வேண்டும், கார்ட் இரண்டு விரல் கிட்டத்தில் இருக்க வேண்டும், எந்த மெஷினும் ஒரு கடையின் பேரில்தான் பதிந்திருக்கும் என்றெல்லாம் சொன்னேன். வெள்ளித்தாள் உண்மையிலேயே வேலை செய்யும் என்பதை மட்டும் சொல்லவில்லை. எனக்கும் மானம் இருக்கிறது.

அவர் நம்பவில்லை. தாளைக் கழற்றி, கார்ட்டைச் சாரத்து மடிக்குள் செருகி, "இப்ப எடு பாப்பம்" என்றார். பத்து ரூபாய் அடித்து மெஷினை நீட்டினேன். ஒரு முழத்தில் ஒன்றுமில்லை. ஒரு சாணிலும் ஒன்றுமில்லை. இன்னும் கிட்டப்போய் வயிற்றோடு ஒட்டப் பிடித்த பிறகுதான் 'கீங்' என்றது. மனிதர் துள்ளி விழுந்தார். வெளியே கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"இவ்வளவு கிட்டக் கள்ளன் வரும்வரைக்கும் பேசாமல் நிக்கிற ஆளுக்கு, வெள்ளித்தாளில்லை, இரும்புப் பெட்டி செய்து குடுத்தாலும் காணாது!"

நிப்பாட்டாத கார்ட்

நறுவிலிக்குளத்துப் பரமேஸ்வரி அக்கா புருசனை யுத்தத்தில் இழந்தவர். மீளக் குடியேறிய பிறகு தனியாளாய் வயல் செய்து, நெல் விற்ற காசை வங்கியில் போட்டு, கார்ட் எடுத்திருந்தார். ஒருநாள் காலமை மன்னார் பஸ்ஸில் அந்தக் கார்ட் விழுந்துவிட்டது. இறங்கிப் பையைத் தடவும்போதே போனுக்கு மெசேஜ்: பேக்கரியில் செலவு. பத்து நிமிடத்தில் இன்னொன்று: சப்பாத்துக் கடை.

எனக்குப் போன் அடித்தார். "அக்கா, உடனே வங்கிக்குச் சொல்லிக் கார்ட்டை நிப்பாட்டுங்கோ! சின்னத் தொகைக்கு ரகசிய இலக்கம் கேக்காது, அவன் தட்டத் தட்டக் காசு போகும்" என்று கத்தினேன். "ஓம், ஓம்" என்று வைத்துவிட்டார். பிறகு எடுக்கவேயில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பஜாருக்கு ஓடினேன்.

அங்கே ஒரு கூல்பாருக்கு முன்னால், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவனை அக்கா சேட்டுக் கொலரில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவன் காலில் புதுச் சப்பாத்து, கையில் பாதி குடித்த பலூடா. சனம் கூடிவிட்டது. அக்கா சப்பாத்தைக் கழற்றுவித்து, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துக் காசையும் மீட்டுவிட்டார். அவன் கத்தியை இழுத்திருந்தால் என்ன செய்வீர்கள், ஏன் சொன்னதைக் கேட்கவில்லை என்று ஏசினேன். அக்கா என்னை ஒரு விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கார்ட்டை நிப்பாட்டியிருந்தால், அவன் எந்தக் கடையில நிக்கிறான் எண்டு எனக்கு ஆர் மெசேஜ் போடுறது?"

ஸ்டிக்கருக்கு மேல் ஸ்டிக்கர்

எருக்கலம்பிட்டி சலீம் நானா, புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் அகதியாய் இருந்துவிட்டுத் திரும்பி வந்து பலசரக்குக் கடை போட்டவர். போனால் படம் பிடித்துக் காசு கட்டுகிற கியூஆர் ஸ்டிக்கரை அவர் மேசையில் நான்தான் ஒட்டினேன். காசு வந்த மெசேஜை ஒவ்வொரு முறையும் பாருங்கோ என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் போன் எப்போதும் மேசை லாச்சிக்குள் பூட்டிக் கிடக்கும்.

ஒரு ஆசிரியை சீனி வாங்கிக் காசு கட்டப்போய், "நானா, இதில வேற ஆளிண்ட பேர் வருதே?" என்று கேட்டிருக்கிறார். நகத்தால் சுரண்டினால், என் ஸ்டிக்கருக்கு மேல் அளவெடுத்து வெட்டின இன்னொரு ஸ்டிக்கர்! மூன்று நாள் வியாபாரம் யாரோ ஒருவனுக்குப் போயிருந்தது. முறைப்பாடு எழுதி, வங்கி அந்தக் கணக்கை முடக்கி, பாதிக் காசுதான் திரும்பியது. அதைச் சொல்லப்போன அன்று அடி விழும் என்றே நினைத்தேன். நானா அந்த ஸ்டிக்கரின் பின்பக்கத்து ஒட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"தொண்ணூறுல எங்கள ஊர விட்டு வெளிக்கிடச் சொன்னவங்க துவக்கோட வந்தாங்க புள்ள, இவன் வெறும் கம் போத்தலோட வந்திருக்கான்!"

பூசைக்குப் பிறகு ஒரு வகுப்பு

மன்னார்த் தீவுக்கு வெளியே, பெருநிலத்துக் கிராமமொன்றில் ஞாயிறு பூசை முடிய, பங்குச் சுவாமி மண்டபத்தில் எனக்கு அரை மணித்தியாலம் தந்தார். பிறந்த வருடத்தை ரகசிய இலக்கமாய் வைக்காதேங்கோ என்றேன். தச்சுவேலை செய்கிற ஒரு ஐயா பெருமையாய் எழும்பினார். "நான் அப்பிடி வைக்கேல்லைப் பிள்ளை. முகாமிலயிருந்து நாங்கள் ஊருக்குத் திரும்பின வருசத்தை வைச்சிருக்கிறன். அது ஆருக்குத் தெரியப்போகுது?"

முன்வரிசையில் ஒரு அம்மா மெல்லக் கைப்பையைத் திறந்து கார்ட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பின்னால் நாலைந்து பேர். முழு ஊரும் ஒரே வருடத்தில், ஒரே பஸ் வரிசையில் வந்து இறங்கின ஊர். கடைசியில் சுவாமியின் கையும் சட்டைப்பையைத் தடவியது. ஐயா சுற்றிவரப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப இனி நாங்கள் ஆளுக்கொரு வருசத்தில திரும்பி வந்ததாய் நினைக்கவேணும், என்ன சுவாமி?"

கள்ளனிடமிருந்து கார்ட்டைக் காப்பாற்ற எனக்கு மூன்று நாள் பயிற்சி தந்தார்கள், கார்ட்டுக்குச் சொந்தக்காரரிடமிருந்து என்னைக் காப்பாற்றத்தான் ஒருவரும் பயிற்சி தரவில்லை.