சண்டைப் படங்களின் நடைமுறையும் சின்ன மாமாவும்

போர்ப் படம் எந்த நாட்டில் எடுக்கப்பட்டாலும் அதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. அரசாங்கக் கச்சேரியில் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவள் நான். நடைமுறைகள் மீது எனக்கு மரியாதை உண்டு. யாராலும் மாற்ற முடியாத நடைமுறை என்றால் கூடுதல் மரியாதை.

போன வாரம் மகள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு கொரியப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பனி, வில், குதிரைகள். கொரிய மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. கவசம் பூட்டிய ஒருவன் குடிசை வாசலில் குழந்தையின் தலையைத் தடவிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து திரும்பிப் பார்த்தான். "இவன் முடிஞ்சான்" என்றேன். மருமகன் அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்தவர். "எப்புடிங்க அத்தை தெரியும்?" என்று கேட்டார். பழைய அனுபவம் என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனேன். அதற்கு மேல் சொன்னால் சின்ன மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

சின்ன மாமா அம்மாவின் தம்பி. இலங்கை மலைநாட்டில் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் மெஷினில் வேலை பார்த்தார். கல்யாணம் ஆகாதவர் என்பதால் லய வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவிலேயே இருந்தார். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் சினிமா என்பார் அம்மா. ஹட்டனில் படம் மாறும்போதெல்லாம் போவார். தனியாகப் போனால் வாக்குவாதம் செய்ய ஆள் இருக்காது என்பதால் சின்னப் பிள்ளையாக இருந்த என்னையும் கூட்டிக்கொண்டு போவார். காதல் படம் எங்கள் இருவருக்கும் ஆகாது. வாள் வேண்டும், குதிரை வேண்டும், கோட்டைக் கதவு உடைய வேண்டும்.

தமிழ் ராஜா படம் பார்த்தோம். சிங்கள ராஜா படம் பார்த்தோம். இரும்புப் பாவாடை கட்டிய ரோமாபுரிக்காரர்கள் சண்டை போடும் ஆங்கிலப் படமும் பார்த்தோம். பாஷை ஒரு தடையாகவே இல்லை. எல்லா ராஜாவும் சண்டைக்கு முன்னால் குதிரையில் அப்படியும் இப்படியும் போய்க்கொண்டே நீளமாகப் பேசுவார்கள். பின்வரிசைச் சிப்பாய்க்கு அது எப்படிக் கேட்கும் என்று எந்த நாட்டிலும் யாரும் யோசிக்கவில்லை. சிங்களப் படத்தில் எதிரி ராஜா எங்கள் ஆள், தமிழன். கோழிக்காலைக் கடித்துக்கொண்டே இடி இடிப்பது போலச் சிரித்தார். அவர் குதிரையிலிருந்து விழுந்தபோது தியேட்டரே கைதட்டியது. கைதட்டுவதா வேண்டாமா என்று நான் விழித்துக்கொண்டிருக்க, மாமா என் காதருகே குனிந்தார்.

"போன மாசம் நம்ம படத்துல வந்த எதிரியும் இதே மாதிரிதான் கோழிக்கால் தின்னான். ரெண்டு பேருக்கும் ஒரே சமையக்காரன் போலருக்கு."

நான் சிரித்த சிரிப்பில் முன்வரிசைச் சிங்களப் பெரியவர் திரும்பி அதட்டினார். மாமா "சரி மாத்தயா" என்று பணிவாகச் சொல்லிவிட்டு என்னைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

படத்தில் யார் சாவார்கள் என்பதற்கான விதியைக் கண்டுபிடித்தது நான்தான். மாமா அதைத் தன்னுடையது என்று ஸ்டோர் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தது வேறு விஷயம். விதி இதுதான்: அழகாக விடைபெறுகிறவன் செத்துப்போவான். தாயோ மனைவியோ வாசலில் நின்று நெற்றியில் பொட்டு வைத்தால் சாவு. ரோமாபுரியில் பொட்டு இல்லை. அங்கே கழுத்தில் ஒரு துணியைக் கட்டிவிடுவார்கள். ஊர் மண்ணை முடிந்து இடுப்பில் செருகினால் சாவு. குழந்தையிடம் "வரும்போது உனக்கு வாங்கி வருகிறேன்" என்று சொல்லிவிட்டால் தப்பவே முடியாது. வழி திரும்பும் இடத்தில் நின்று வீட்டை ஒருமுறை பார்த்தானோ, கதை முடிந்தது.

ஆனால் எல்லாப் படத்திலும் ஒரு குண்டு ஆளும் இருப்பான். பெண்டாட்டியோடு சண்டை போட்டு, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, வாசற்படியில் தடுக்கி விழுந்து, திட்டிக்கொண்டே போருக்குப் போவான். ராஜாவே செத்தாலும் அவன் சாக மாட்டான். கடைசியில் கையில் ஒரு கட்டோடு வந்து நிற்பான்.

இந்த விதி எங்களைக் கைவிட்டது ஒரே ஒரு தடவை. யார் தருவித்தார்களோ, ஒரு ஜப்பான் படம் வந்தது. அதில் ஒரு சிப்பாய், கிளம்பும்போது பெண்டாட்டி வைக்கோல் செருப்பைக் கட்டிவிட, மகனுக்குச் சத்தியம் செய்துகொடுத்தான். கூடவே வழியெல்லாம் அவளைத் திட்டவும் செய்தான். இது எந்தக் கணக்கில் சேரும்? கடைசிச் சண்டை தொடங்கியதும் மின்சாரம் போனது. இருட்டில் காத்திருந்துவிட்டு, முடிவு தெரியாமலே பஸ் ஏறினோம்.

அந்த வருடங்களில் தோட்டங்களிலிருந்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி எங்களைப் பிரித்துக்கொண்டிருந்தன. அப்பா இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்ததால் அம்மாவும் நானும் இந்த நாடு. தாத்தா சாகுமுன் இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்ததால் மாமா இந்தியா. பின்னாளில் அந்தச் சட்டங்களை வரி வரியாகப் படித்துப் பார்த்திருக்கிறேன். நடைமுறையில் ஒரு பிழையும் இல்லை. கையெழுத்து வைக்க வேண்டிய எல்லோரும் வைக்க வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

என்னிடம் சொல்லப்பட்டது "மாமா ஊருக்குப் போறாரு" என்பது மட்டும். அதில் பயப்பட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. பண்டாரவளைக்குப் போன பெரியப்பா வரவில்லையா? அதுபோல மாமாவும் போவார், வருவார். அம்மா கொழுந்து மலைக்குப் போய் மண் அள்ளி வந்து மஞ்சள் துணியில் முடிந்ததைப் பார்க்கும்வரை நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த முடிச்சைப் பார்த்ததும் எனக்கு எங்கள் விதி ஞாபகம் வந்தது. ஒன்று ஆரம்பித்தால் மற்றவை வரிசையாக வரும் என்று எனக்குத் தெரியும். மாமா செத்துப்போகப் போகிறார். அதைத் தடுக்க அந்தத் தோட்டத்தில் என்னைவிட்டால் ஆள் இல்லை. தடுப்பது என்று அப்போதே முடிவு செய்தேன்.

மண்ணைக் கோவாப் பாத்தியில் கொட்டிவிட்டு, துணியில் அடுப்புச் சாம்பலை முடிந்து வைத்தேன். குங்குமச் சிமிழை விறகுக் கட்டுக்குள் ஒளித்தேன். அன்று சாயந்திரமே மாமா என்னைப் பிடித்து உட்காரவைத்தார்.

"மருமகளே, ஒனக்கு அங்கேருந்து என்ன வேணும்? சொல்லு."

"ஒண்ணும் வேணாம்."

"கொலுசு?"

"வேணாம்."

"பட்டுப் பாவாடை?"

"ஒங்க பட்டுப் பாவாடைய நீங்களே கட்டிக்கிட்டு ஆடுங்க."

அம்மாவின் கை என் முதுகில் விழுந்தது. "போற மனுசன்கிட்ட பேசுற பேச்சாடி இது?" நான் அழவில்லை. சத்தியம் எதுவும் நடக்கவில்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

புறப்படும் நாள் காலை நிலைமை மோசமானது. அம்மா மாமாவுக்குப் பிடித்த ரொட்டியும் கட்டச் சம்பலும் செய்து பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். அவர் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டைத் தள்ளிவிட்டுக் கோபமாக எழுந்திருக்க வேண்டியவர், இப்படி உட்கார்ந்திருந்தால் எப்படி? அவருடைய தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட்டேன். புதுச் சட்டையில் கொட்டியது.

"என்னடி ஆச்சு ஒனக்கு? பேயா புடிச்சிருக்கு?" என்று கத்தினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் அந்தக் கோபம் சட்டையைத் துடைத்து முடிக்கும்வரைகூட நிற்கவில்லை. முகம் தொங்கிப்போய், "விடுக்கா, சின்னப் புள்ள" என்றார். தொங்கிய முகம் எந்தப் படத்திலும் நல்லதற்கில்லை. சிமிழைத் தேடிச் சலித்த அம்மா அடுத்த காம்பராவில் குங்குமம் வாங்கி வந்து வாசலில் நின்று பெரிய பொட்டாக வைத்துவிட்டார். லயமே கூடி நின்று அழுதது. விதியில் எழுதியபடி எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

மிச்சம் இருந்தது திரும்பிப் பார்ப்பது ஒன்றுதான். எங்கள் லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கும் வழியில் ஒரு பாறை உண்டு. அதைத் தாண்டினால் லயம் தெரியாது. இந்தியாவுக்குப் போனவர்கள் எல்லோரும் அங்கே நின்று திரும்பிப் பார்த்து அழுதுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். மாமாவின் நடை பாறையை நெருங்க நெருங்க மெதுவானது. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"மாமா, ஜப்பான் படத்துல அந்தச் செருப்புக்காரன் சாகல."

அவர் நின்றார். "என்னது?"

"சாகல. ஒங்களுக்குத்தான் படம் பாக்கத் தெரியாது."

"யாருக்குடி தெரியாது? மகனுக்குச் சத்தியம் பண்ணுனானா இல்லையா?"

"வழியெல்லாம் பொண்டாட்டியத் திட்டினானே! திட்டுனவன் எப்புடிச் சாவான்?"

"அது ஆசையாத் திட்டுனது. கோவத்துல திட்டுறது வேற, ஆசையாத் திட்டுறது வேற. மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா ஒனக்கு?"

"ஜப்பான்காரன் மூஞ்சி ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருச்சா? வெளக்கு போனப்ப நீங்க தூங்கிக்கிட்டுல்ல இருந்தீங்க!"

"நானா? நானா தூங்கினேன்?"

அவருக்கு உண்மையாகவே ரோசம் வந்துவிட்டது. கைகளை வீசிக்கொண்டு, அந்தச் சிப்பாய் எந்தப் பக்கம் வாளைப் பிடித்தான், எதிரி எங்கே பதுங்கினான் என்று நடித்துக் காட்டியபடி நடந்தார். வியர்வையைச் சட்டைக் கையால் துடைத்ததில் அம்மா வைத்த பொட்டு பாதிக்கு மேல் அழிந்தது. பாறை எங்களுக்குப் பின்னால் போய்விட்டது. அவர் திரும்பவே இல்லை. பின்னால் வந்த அம்மாதான், "கடைசி நேரத்துலயும் ரெண்டுக்கும் சினிமாதானா?" என்று மூக்கைச் சிந்தினார்.

ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி வந்து நின்றபோது எழுந்த அழுகைச் சத்தத்தை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. கேட்டவர்களுக்குத் தெரியும். ஜன்னல்களுக்குள்ளும் வெளியேயும் கைகள் கோத்துக்கொண்டு கிடந்தன. அந்த ஜனத்துக்கு நடுவில் நாங்கள் இருவர் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஜப்பான் சிப்பாய்க்காகக் கத்திக்கொண்டிருந்தோம். கோச்சி நகர ஆரம்பித்தது. மாமா தலையை வெளியே நீட்டி, என்னைப் பார்த்து விரலை ஆட்டி, "செத்துட்டான்டி! எழுதி வச்சுக்க, செத்துட்டான்!" என்றார். நான் கூடவே ஓடி, "சாகல! சாகல!" என்றேன். பிளாட்பாரம் முடியும்வரை அவர் குரல் கேட்டது. அவர் பார்த்தது சண்டைக்காக. அதனால் அது திரும்பிப் பார்த்ததில் சேராது என்று அங்கேயே தீர்மானித்துக்கொண்டேன்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அழாதீங்கம்மா. மாமா கண்டிப்பா வந்துருவாரு. எல்லாத்தையும் நான் பாத்துக்கிட்டேன்."

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இழுத்து அணைத்துக்கொண்டார்.

என் முயற்சி பலித்தது என்றே சொல்ல வேண்டும். மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து, கல்யாணம் முடித்து, பேரன் பேத்தி எடுத்து, நன்றாகக் கிழடாகித்தான் போய்ச் சேர்ந்தார். இடையில் ஒரு முறைகூட வரவில்லை. அவரிடம் கொடுக்கப்பட்டிருந்த பயணப் பத்திரம் போவதற்கு மட்டும் செல்லும். வருவதற்கு வேறு நடைமுறை, வேறு அலுவலகம். அந்த அலுவலகம் கேட்பவை ஒரு தோட்டத் தொழிலாளியிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இதெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்த பிறகு நான் தெரிந்துகொண்டவை.

அன்று எனக்குத் தெரிந்திருந்தது சினிமா மட்டும். அதில் செத்துப்போனவர்கள்தான் திரும்பி வர மாட்டார்கள். மற்ற எல்லோரும் வந்துவிடுவார்கள். தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஹட்டனில் அடுத்து வரப்போகும் சண்டைப் படத்துக்கு அப்பாவோடு போய்விடுவதா, மாமா வரும்வரை பொறுத்திருப்பதா என்பது மட்டுமே என் யோசனையாக இருந்தது. பொறுத்திருப்பது என்று முடிவு செய்தேன்.