கறுப்பு வெள்ளைப் பெட்டியில் வந்த மீன் குழம்பு

ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு முதல் டிவி பெட்டி வாங்கியவன் நான்தான். மூணாங்கிளாஸோடு சரி; ஹார்பரில் மூட்டை தூக்கி, பிறகு சொந்தமாக மெஸ் போட்டவன். சினிமாப் பாட்டு போடுகிற அன்றைக்கு என் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் இந்தியில் ஒன்று வரும். ஒரு ஆள் ரயிலேறி ஊர் ஊராகப் போய், அங்கே என்ன சமைக்கிறார்கள் என்று அடுப்படி வரைக்கும் காட்டுவான். அது ஆரம்பித்ததும் சனமெல்லாம் எழுந்து போய்விடும். நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். பாஷை புரியாவிட்டால் என்ன, சமைக்கிற கை எனக்குப் புரியும். அப்படி ஒன்று வருவதே மெட்ராஸில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ரோடு அகலப்படுத்த என் மெஸ்ஸை இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்ட சமயம் அது. திருவொற்றியூரில் ஒரு ஃபாக்டரி கேன்டீன் காலியாக இருந்தது. அது கிடைக்காவிட்டால் மறுபடி மூட்டைதான். மானேஜர் கல்கத்தாக்காரர். கேன்டீனைக் கேட்டு எனக்கு முன்னால் சமைத்துக் காட்டியவனின் வஞ்சிரக் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாராம். புதன்கிழமை மத்தியானம் என் முறை.

முந்தின நாள் பெட்டியைப் போட்டால், காலண்டரில் பார்த்த கல்கத்தா இரும்புப் பாலம்! அடுத்து ஒரு அடுப்படி, சட்டியில் மீன். அந்த நேரம் பார்த்துக் கடல் காற்று ஆன்டெனாவைத் திருப்பிவிட்டது. படம் முழுக்கப் புள்ளி. மச்சானை மாடிக்கு விரட்டினேன்.

"தெரியுதா மாமு?"

"இல்லடா, பீச் பக்கம் திருப்பு!"

"இப்போ?"

"கீது, கீது! கைய எடுக்காத!"

"கைய எடுக்காம இங்கியே குடும்பம் நடத்தவா?"

ஒரு பொம்பளை அம்மியில் எதையோ அரைத்து மீன்மேல் கொட்டினாள். என்ன அது?

"தேங்கா. வெள்ளையா கீது பாரு," என்றாள் என் சம்சாரம்.

"இந்தப் பொட்டியில மொளகாத்தூளே சாம்பலாத்தான் கீது. சும்மா இருமே!"

அரைத்தவள் முகத்தைத் திருப்பித் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேங்காய் அரைப்பவள் எதற்குக் கண்ணைத் துடைக்கிறாள்? வெங்காயமென்றால் தோல் கிடக்குமே? அரைக்கும்போதே நெடியேறிக் கண்ணைக் கரிப்பது வேறென்ன?

"கடுகு!" என்று கத்தினேன்.

"கடுக அரைச்சுக் கொழம்பா? கசந்துச்சுன்னா நாம நடுரோட்டுல நிக்கணும்," என்றாள் அவள். அதற்குள் படம் சுத்தமாகப் போய்விட்டது.

அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் நான் விடவில்லை. விடியக்காலையில் காசிமேட்டில் மீன் வாங்கி, கடுகோடு பச்சைமிளகாயும் உப்பும் வைத்து அரைத்தேன். நெடி மூக்கைத் தூக்கியது. ருசி பார்க்க எனக்கே தைரியம் வரவில்லை.

மத்தியானம் கேன்டீனில் மானேஜர் தட்டை மோந்து பார்த்தார். ஒரு வாய் வைத்தார். மென்றார். கதவோரம் என் சம்சாரம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கடுகு எண்ணெய் எங்கே?" என்றார் அரைகுறைத் தமிழில்.

"சார், அது முட்டிவலிக்குத் தேய்க்கிறதாச்சே!"

வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் என்னை முறைத்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். திடீரென்று புரையேறுகிற மாதிரி சிரித்தார்.

"கசப்பு. எங்க ஊரு குழம்பு இல்லை," என்றபடியே சாதத்தை இழுத்துப் போட்டுக்கொண்டார். "யார் சொன்னது கடுகு?"

"டிவி சார். செவ்வாய்க்கிழமை வருது."

"என் வீட்டிலும் டிவி இருக்கு. அப்படி ஒண்ணு வருதா?"

முள்ளை ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு துண்டு கேட்டார். கை கழுவும்போதுதான் சொன்னார்: "திங்கட்கிழமை அடுப்பு பத்த வை. எண்ணெய் நான் கொடுக்கிறேன்."

அவர் வெளியே போனதும், அங்கே கிடந்த அரிசி மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன்.