அண்ணன் அழித்த கடிகாரம்

எங்கள் அண்ணன் பெங்களூர் தொம்மலூரில், பழைய ஊருக்குள், ஒற்றை அறை வீட்டில் பிறந்தார். அப்பா கட்டட மேஸ்திரி. அண்ணன் ஐ.டி.ஐ. முடித்த வருடமே அப்பா சாரத்திலிருந்து விழுந்து படுக்கையானார். அன்று பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் முன்னால் போய் நின்ற அண்ணன், ஓய்வு பெறும்வரை அங்கேதான் நின்றார். என்னைப் படிக்க வைத்தார், கல்யாணம் செய்து கொடுத்தார். அண்ணியிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. இதெல்லாம் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றை எழுதுகிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது.

அண்ணனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. வேறு நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. சின்ன வயதில் அப்பா எங்கள் இருவரையும் ஒரு படத்துக்கு அழைத்துப் போனார். பல வருடங்கள் கழித்து அதே படம் பளபளவென்று டிவியில் வந்தது. படத்தைச் சுத்தம் செய்தவர்கள் சத்தத்தையும் மாற்றிவிட்டிருந்தார்கள். புது வயலின், புது மேளம். ஆட்கள் நடக்கிற செருப்புச் சத்தம்கூடப் புதுசு. அண்ணன் பாதியில் டிவியை நிறுத்தினார்.

"படம் அவங்களோடது, இல்லங்கல. நாம கேட்ட சத்தத்தை எதுக்கும்மா மாத்தணும்?" என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்?

அவரைப் போலவே புலம்புகிற ரசிகர்கள் சிலர் போனில் குழுவாக இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சங்கர். ஈஜிபுராவில் அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் கம்ப்யூட்டர் வேலைக்காரர். கோலார் தங்கவயலில் ஒரு குடும்பத்திடம் அந்தப் படத்தின் பழைய பிலிம் பிரதி இருப்பதாகத் தெரிந்ததும், இருவரும் ரயிலில் போய்ச் சுமந்து வந்தார்கள். டப்பாவைத் திறந்ததும் வீடு முழுக்கப் புளித்த வினிகர் நாற்றம். இது வீடா, ஊறுகாய்க் கடையா என்று கத்தினேன்.

"அது பிலிம் சாகற வாசனைம்மா. அதுக்குள்ள சத்தத்தை எடுத்துடணும்" என்றார் அண்ணன்.

பிலிமின் ஓரத்தில் நெளிநெளியாக ஒரு கோடு ஓடும். அதுதான் படத்தின் ஒலி. பிரதி சுருங்கிப் போயிருந்ததால் சாதாரண மெஷினில் ஓட்டினால் கிழிந்துவிடும். அதற்காகத் தொழிற்சாலையில் கேட்டு, வேலை நேரம் முடிந்த பிறகு, தானே பல்சக்கரங்களைக் கடைந்து ஒரு மெஷின் செய்தார். ஒரே ஒரு முறை ஓடியது. மறுமுறை போட்டபோது பிலிம் துண்டு துண்டாக உடைந்தது. அந்த ஒரு முறையில் பிடித்த ஒலி மட்டும் மிஞ்சியது.

அதை ஒரு பென் டிரைவில் போட்டு என்னிடம் கொடுத்தார். "எதுலயும் குறை கண்டுபிடிக்கறவ நீதான். சும்னே நல்லாருக்குன்னு சொல்லாத. கேட்டுட்டு சொல்லு." சும்மா என்பதைக் கன்னடத்தில் சும்னே என்றுதான் சொல்வார்.

அந்த மாதம்தான் என் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மாமா முறைக்கு நிற்க வேண்டிய மனிதர், பந்தி முடிந்த பிறகு வந்தார், சட்டையெல்லாம் வினிகர் நாற்றத்தோடு. எனக்கு ஆத்திரம். பென் டிரைவைத் தையல் மெஷின் டிராயரில் எறிந்தேன். மூன்றாம் நாள் கேட்டபோது, "கேட்டேண்ணா, நல்லாருக்கு" என்றேன். ஒரு நிமிடம்கூட நான் கேட்கவில்லை.

அண்ணன் அந்த ஒலியைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார். கீறலால் வரும் சத்தங்களைக் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லாவற்றையும் மொத்தமாக அழித்தால் பேசுகிறவர் குரலும் செத்துவிடும் என்பார். கதாநாயகியின் அப்பா சாகிற காட்சியில் மட்டும் ஒரே சீராக டொக், டொக் என்று கேட்டது. தான் கடைந்த சக்கரத்தில் ஒரு பல்லில் பிசிறு நின்றுவிட்டது, அது சுற்றுக்கொரு முறை தட்டுகிறது என்று முடிவு செய்தார். லேத்காரருக்கு அப்படித்தான் தோன்றும். ஒன்றுவிடாமல் அத்தனையையும் அழித்தார்.

வேலை முடிந்ததும், தங்கவயலில் அந்தப் படத்தை வாரக்கணக்கில் ஓட்டிய பழைய தியேட்டர் ஆபரேட்டரை வீட்டுக்கு அழைத்துப் போட்டுக் காட்டினார். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். அந்தக் காட்சி முடிந்ததும் கேட்டது ஒரே கேள்வி:

"கடியாரம் எங்கப்பா?"

அந்தக் காட்சிக்கு இசையே கிடையாதாம். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடுமாம். அப்பா சாகும்போது அதுவும் நின்றுவிடுமாம். ஓடுகிற சத்தத்தை அண்ணன் எடுத்துவிட்டார். பிறகு எது நிற்கும்? மூல ஒலி இருந்த ஹார்டு டிஸ்க் அதற்குள் கெட்டுப்போயிருந்தது. பிலிமும் போய்விட்டது. என்னிடம் கொடுத்த பென் டிரைவை அவர் மறந்தே போயிருந்தார். டிவிக்காரர்களைத் திட்டியவர், தானும் அதையே செய்துவிட்டோம் என்று சாப்பாட்டைக் குறைத்தார். சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தது. சீக்கிரமே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தார்.

அங்கேதான் எனக்கு முழுக் கதையையும் சொன்னார். "அந்த சீன் ஓடும்போது நான் தியேட்டருக்குள்ளயே இல்லம்மா. நீ அடம் பிடிச்சேன்னு கடலை வாங்கப் போயிருந்தேன்."

நான் உள்ளேதான் இருந்தேன். கடிகாரம் நின்றதும் பயந்து அப்பாவின் சட்டையைப் பிடித்தது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். அவர் கேட்கச் சொன்னதும் என்னைத்தான்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். டிராயரைத் தரையில் கவிழ்த்தேன். பாபின், சாக்பீஸ், அறுந்த ஜிப்புகளுக்கு நடுவே அது கிடந்தது. மகளின் லேப்டாப்பில் போட்டேன். முதலில் வெறும் இரைச்சல். தள்ளிக்கொண்டே போனேன். டொக், டொக் என்று வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் மூச்சு சரியாக வந்தது.

அண்ணன் காதில் இயர்போனை வைத்துவிட்டுச் சொன்னேன். "அண்ணா, அன்னிக்கு நான் கேக்கவே இல்ல. பொய் சொன்னேன். டிராயர்லயே போட்டு வெச்சிருந்தேன்."

அவர் கடைசிவரை கேட்டார். கண்ணைத் திறந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"என் சக்கரத்துல பிசிறு இல்லம்மா" என்றார்.

பிறகு என் கையைத் தட்டிச் சொன்னார்: "நீ ஒழுங்கா கேட்டிருந்தா அன்னிக்கே திருப்பிக் குடுத்திருப்ப. நானும் அதுலயே வேற எதையாவது ஏத்தி அழிச்சிருப்பேன். விடு."

அதற்குப் பிறகு மூன்று வாரம் இருந்தார். சாப்பிட்டார், சங்கரை விரட்டி வேலை வாங்கினார், நர்சுகளிடம் கன்னடத்தில் அரட்டை அடித்தார். தூக்கத்திலேயே போனார். அந்த மூன்று வாரத்துக்காக இந்த ஒரு வருடமும் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

பிலிமைக் கொடுத்த தங்கவயல் குடும்பத்துக்கும், கேட்க வேண்டியதைக் கேட்ட ஆபரேட்டர் ஐயாவுக்கும், மெஷினைத் தொட விட்ட பீன்யா நண்பர்களுக்கும், டயாலிசிஸுக்குத் தவறாமல் காரில் கூட்டிப்போன பக்கத்து வீட்டுக்காரருக்கும், ஒருநாளும் முகம் சுளிக்காத அண்ணிக்கும் எங்கள் நன்றி. படுத்திருந்தபோது எட்டிப் பார்க்காமல், காரியத்தன்று மட்டும் வந்து சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனமில்லை.

சங்கர் கடிகாரத்தை அதன் இடத்தில் திரும்ப வைத்து, டிவியில் வந்த படத்தோடு அந்த ஒலியைச் சேர்த்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டு ஹாலில் அண்ணியும் நானும் பிள்ளைகளும் உட்கார்ந்து படம் பார்த்தோம். கடிகாரம் நின்றபோது யாரும் அசையவில்லை. பக்கத்தில் அப்பா இல்லாததால் அண்ணியின் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணா, இந்த முறை முழுசாகக் கேட்டேன். நான்காவது ரீலில் கல்யாண வீட்டுக் காட்சியில் இன்னும் கொஞ்சம் இரைச்சல் இருக்கிறது. சங்கரிடம் சொல்லிவிட்டேன்.