ஏழாவது ஜாக்கெட்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன், லாரியில் கிளீனராகச் சுற்றினேன், மாமல்லபுரத்தில் சிப்பி மாலை விற்றேன், சுடுகாட்டை ஒட்டிய கொட்டகையில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தூங்கினேன், கொசுவைத் தவிர எதுவும் என்னைத் தொட்டதில்லை. இனி சொல்லப்போவதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். பரவாயில்லை.

அப்போது நாவலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் டெஸ்டர் வேலை. முட்டுக்காடு பக்கம் ஒரு தனியார் படகுத்துறைக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். லைஃப் ஜாக்கெட் ஒவ்வொன்றிலும் ஒரு சிப். போனவர்களில் ஒருவர் குறைந்தாலும், கரையில் இருக்கும் கேட் பிழை என்று சொல்லிக் கத்த வேண்டும்.

கேட் சரியாகக் கத்துகிறதா என்று சோதிக்க, எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய டெஸ்ட், பிழை வந்தால் அதைப் பிடித்து விழுங்கிவிடும், வராவிட்டாலும் பச்சை காட்டும். எப்போதும் பாஸ். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன்: ஏழு ஜாக்கெட் போகிறது, ஆறு வருகிறது, பிழை வந்தே தீர வேண்டும், வராவிட்டால் டெஸ்ட் தோல்வி. என்ன பிழை, எத்தனை பேர் என்பதையும் அதிலேயே சரிபார்த்தேன். ஆபீசில் ஒழுங்காக ஓடியது.

கரையில் ஓடவில்லை.

நல்ல வெயில், மத்தியானம். நானும் எங்கள் டீம் லீட் ரேணுகாவும் போயிருந்தோம். ஏழும் போனதாகக் கேட்டில் பதிந்த பிறகு, படகோட்டி எத்திராஜ் ஏழாவது ஜாக்கெட்டை அக்கரைக்குக் கொண்டுபோய் ஒரு கம்பத்தில் மாட்டிவிட்டு வந்தார். ஆரஞ்சு நிறத்தில் அது அங்கே தொங்குவது இங்கிருந்தே தெரிந்தது. மீதி ஆறையும் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்குள் நடந்தேன். பச்சை விளக்கு. ஏழு பேரும் வந்துவிட்டார்கள் என்றது திரை.

திரும்பத் திரும்ப நடந்தேன், சிப்புகளை மாற்றினேன், கேட்டை அணைத்துப் போட்டேன், நம்பினால் நம்புங்கள், ஒவ்வொரு தடவையும் ஏழுதான்.

ரேணுகா போனைக் கையில் எடுத்தாள். "சேகர், நாளைக்குக் காலைல ஸ்கூல் பசங்க வர்றாங்க. இது கத்தலைன்னா ஒரு புள்ள தண்ணில போனாக்கூடத் தெரியாது. படகு போகக் கூடாதுன்னு ஓனர்கிட்ட சொல்லிடறேன். நம்ம வேலை போனா போவுது."

எத்திராஜ் பீடியைக் கீழே போட்டார்.

"இன்னா நைனா, மிஷின வச்சிகினு பேஜார் பண்றீங்க? அது எங்க மச்சான் கோதண்டம். போன மழைக்கு, ஜாக்கெட்டு ஒண்ணு மெதந்து போச்சுன்னு பின்னாலயே குதிச்சான். அவன் ஏறி வந்தானான்னு ஒருத்தனும் எண்ணிப் பாக்கல. ஆளே கெடைக்கல. இப்ப தெனம் படகோட கரைக்கு வரான்."

"அண்ணாத்த, சும்மா இருங்க," என்றேன்.

அவர் தண்ணீரின் ஓரத்தில் போய் நின்றார். பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டார்.

"டேய் கோதண்டம்! நீ வந்துட்ட, எனக்குத் தெரியும்டா. ஆனா நீ வந்து நின்னா புள்ளைங்க கணக்கு தப்பாவுது. வேணாம் மச்சான். கேட்டாண்ட வராத."

ரேணுகா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அதே ஆறு ஜாக்கெட். நடந்தேன்.

கேட் கத்தியது. அப்படி ஒரு சத்தம், கரையோரக் கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. ரேணுகா கைதட்டியே விட்டாள். நான் டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பைப் பார்த்தேன். பிழை வந்திருந்தது, ஆனாலும் டெஸ்ட் தோல்வி என்று சிவப்பாகவே நின்றது.

நான் எதிர்பார்த்து எழுதியிருந்தது, வராதவர் ஒருவர் என்று. அக்கரையில் விட்டதும் ஒரே ஒரு ஜாக்கெட்தான்.

திரையில் வந்தது, வராதவர்கள் இருவர் என்று.

எத்திராஜுக்குப் படித்துக் காட்டினேன். "இப்பத்தான் அவனையும் எண்ணுது," என்றவர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த தடவை ஒருவர் என்றே வந்தது, அதன் பிறகு எப்போதும் சரியாகத்தான் வருகிறது, காலையில் பிள்ளைகள் போய்ப் பத்திரமாகத் திரும்பினார்கள். அந்த வேலையையும் விட்டு வேறு ஊர், வேறு கம்பெனி என்று சுற்றிவிட்டேன். இன்றைக்கும் பிழை வர வேண்டிய டெஸ்ட் எதை ஓட்டினாலும், அது வந்துவிட்டது என்பதோடு நான் எழுந்து போவதில்லை. எத்தனை பேர் என்று பார்த்த பிறகுதான்.